தர்மபுரி வெயிலில் சிகாரை நாள்பட வைப்பது எப்படி?

சிகார் வழிகாட்டிகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும்: 70 சதவீத ஈரப்பதம், 21 டிகிரி வெப்பம், நல்ல மரப்பெட்டி. இந்தக் கணக்கு குளிர் நாட்டு வீடுகளுக்காகப் போட்டது. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துவிடும். சிகார் உலர்ந்து நொறுங்கிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி என்று வரும் ஊர்களில் முதல் எதிரி வெயில். அந்த 70 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு மெத்தை வீட்டு மாடி அறையில் சிகாரை வைத்தால், ஒன்று பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் வண்டு பொரிக்கும். இரண்டும் சேர்ந்தே நடந்தாலும் ஆச்சரியமில்லை.

அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் இடம், அடுத்து வண்டு, அப்புறம் டப்பா, அதற்குப் பிறகுதான் ஈரம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சிகார் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தரக்கூடியது. நாள்பட வைத்தால் காரம் குறையும், கெடுதல் குறையாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சிகார் டப்பா பூட்டுப் போடும் அலமாரியில்தான் இருக்க வேண்டும்; வாயில் வைத்துக் கடித்தால் நிகோட்டின் சின்ன உடம்பைச் சட்டென்று பாதிக்கும்.

எந்தச் சிகாருக்கு இந்தப் பாடு

திண்டுக்கல், உறையூர் பக்கத்துச் சுருட்டுகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பிரிட்டிஷ் காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து வரை போன சரக்கு அது. உலர்ந்த நிலையில் புகைப்பதற்கென்றே சுற்றப்படுவது. தகர டப்பாவில் போட்டு, மழை ஈரமும் எறும்பும் படாமல் வைத்தால் போதும். மெஷினில் செய்து சின்னத் தகரப் பெட்டியில் வரும் ஐரோப்பியக் குட்டிச் சிகார்களும் இதே ரகம்தான். இவற்றை ஈரப் பெட்டிக்குள் வைத்தால் ருசி கெடுமே தவிர ஏறாது.

கியூபா, நிகரகுவா, டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ் ஆகிய இடங்களிலிருந்து வரும் கையால் சுற்றிய சிகார்களுக்குத்தான் ஈரம் வேண்டும். நீளமான முழு இலைகளை உள்ளே வைத்து, ஒரு கட்டு இலையால் பிடித்து, மேலே மெல்லிய ராப்பர் இலையைச் சுற்றியிருப்பார்கள். இலையில் இருக்கும் எண்ணெயும் ஈரமும்தான் அதன் மணம். காய்ந்தால் அந்த எண்ணெய் போய்விடும். பிறகு எவ்வளவு ஈரம் ஏற்றினாலும் எண்ணெய் திரும்பி வராது.

நம் பக்கத்தில் பெரும்பாலும் இது தொடங்குவது யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போதுதான். சுங்கத் துறையின் 2016ஆம் ஆண்டு பேக்கேஜ் விதிகள் ஒரு பயணிக்கு 25 சிகார் வரை வரியில்லாமல் அனுமதித்தன. தொடங்குகிறவருக்கு 25 என்பது நல்ல கணக்கு. அதற்கு மேல் சேர்க்கும் ஆசையை முதல் கோடை தாண்டும்வரை தள்ளிப் போடுங்கள்.

முதல் வேலை: வீட்டிலேயே குளிர்ந்த மூலையைக் கண்டுபிடிப்பது

சிகாருக்கு நல்ல வெப்பம் 18 முதல் 21 டிகிரி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு வருஷத்தில் பாதி நாள் இது ஏறக்குறைய தானாகவே கிடைக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி நகரம் அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். மார்ச் பாதியிலிருந்து மே கடைசி வரை இங்கே 21 டிகிரியைக் கனவில்தான் பார்க்கலாம். அதனால் இங்கே இலக்கு வேறு: 26 டிகிரியைத் தாண்டாமல் பார்ப்பது, தாண்டினாலும் பகலுக்கும் இரவுக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்ப்பது.

ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டுவதாகவே வாங்கினால் பின்னால் அதுவே உதவும். வீட்டில் சந்தேகப்படும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முழு நாள் வைத்து, மதியம் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் அளவைப் பாருங்கள். மூன்று மணிக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட, இரண்டு அளவுகளுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். அந்த வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் மூலைதான் உங்கள் இடம்.

பெரும்பாலும் அது தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத உள் அறையில், அலமாரியின் கீழ்த்தட்டாக இருக்கும். கல்லுக்குப் பேர்போன கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கனமான கருங்கல் சுவரோடு பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன; அப்படி ஒரு வீடு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டவே வேண்டாம். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்கு மேலும் இறக்கிக்கொண்டே இருக்கும். பரண் அதைவிட மோசம்.

ஏசி அறை நல்லதுதானே என்று கேட்பார்கள். நாள் முழுக்க ஓடினால் நல்லது. நம் வீடுகளில் ராத்திரி ஓடும், காலையில் நிறுத்துவோம். 24க்கும் 34க்கும் நடுவே தினமும் ஏறி இறங்கினால் இலை விரிந்து சுருங்கி ராப்பர் வெடிக்கும். அசையாத 27 டிகிரி அதைவிட மேல்.

பூஜை அறைப் பக்கமும் போகாதீர்கள். சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி வாசனையைச் சிகார் இலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். துணி அலமாரியில் அந்துருண்டை போட்டிருந்தால் அதுவும் அதே கதைதான்.

இரண்டாவது வேலை: வண்டு

இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். புகையிலை வண்டு என்று ஒன்று உண்டு. பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையில் முட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. 18 டிகிரிக்குக் கீழே அது ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். வெப்பம் 24ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும். 30 டிகிரியும் 70 சதவீத ஈரமும் சேர்ந்தால் அதற்கு அதைவிடச் சுகமான வீடு கிடையாது. குளிர் நாட்டு வழிகாட்டியை நம் கோடையில் அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். புழு இலையைத் தின்று சுரங்கம் போடும். வண்டாகி வெளியே வரும்போது குண்டூசி குத்தினது போல ஓர் ஓட்டை. ஒரு சிகாரில் அந்த ஓட்டையைப் பார்த்தீர்கள் என்றால் பக்கத்தில் இருப்பவற்றுக்குள்ளும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

இதே வண்டுதான் மளிகைச் சாமான்களிலும் வரும். மஞ்சள் கிழங்கு, கொத்தமல்லி, காய்ந்த மிளகாய், சுக்கு எல்லாவற்றையும் துளைக்கும். பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்து விவசாய வீடுகளில் மஞ்சளும் மிளகாயும் மூட்டையாகக் கிடக்கும் அறையில் சிகார் டப்பாவை வைப்பது வண்டுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பதற்குச் சமம். சமையலறை அலமாரியும் அப்படித்தான்.

ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனங்கள் பொதுவாகச் சிகாரை உறைய வைத்துத்தான் அனுப்புகின்றன. அதை நம்பிச் சும்மா இருந்தால் குளிர் நாட்டில் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு சிகாரையும் நாமே ஒருமுறை உறைய வைப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். செய்முறை இது:

1. சிகார்களைப் பெட்டியோடோ தனியாகவோ ஜிப் லாக் பையில் போட்டு, காற்றை முடிந்த அளவு வெளியேற்றி மூடுங்கள். அந்தப் பையை இன்னொரு ஜிப் லாக் பைக்குள் வையுங்கள். ஒரு பை போதாது. ஃப்ரீசருக்குள் இருக்கும் காற்று மிகவும் வறண்டது, மீன் வாசமும் இருக்கும்.

2. முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள். நேராக ஃப்ரீசருக்குள் போட்டால் திடீர்க் குளிரில் ராப்பர் வெடிக்கலாம்.

3. அடுத்து ஃப்ரீசரில் மூன்று முழு நாள், மைனஸ் 18 டிகிரியில். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் உறவினர் வீடோ, ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வைத்திருக்கும் தெரிந்த கடையோ நல்லது.

4. மறுபடி ஃப்ரிட்ஜில் ஒரு நாள். பிறகு வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் அரை நாள் அப்படியே விடுங்கள். குளிர்ந்த சிகாரை வெளிக்காற்றில் திறந்தால் மேலே வியர்த்து, தண்ணீர்க் கறை விழும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைப் பார்த்துக்கொண்டு, அது குறுக்கே வராதபடி இந்த வேலையைத் தொடங்குங்கள். பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனால் ஃப்ரீசர் இளகிவிடும். மூன்று நாள் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

மூன்றாவது வேலை: டப்பா

சிகாரை ஈரத்தோடு வைப்பதற்கென்றே செய்யும் மரப்பெட்டிக்கு ஹியூமிடார் என்று பெயர். மினுமினுப்பாக, பார்க்க அழகாக இருக்கும். முதலில் அதை வாங்காதீர்கள். விலை மலிவான மரப்பெட்டிகளில் மூடி சரியாக உட்காராது. தர்மபுரியின் மார்ச் மாத வறண்ட காற்று அந்த இடுக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சும். அக்டோபர், நவம்பரில் மழைக்காற்று அதே வழியில் உள்ளே புகும். வருஷம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ரப்பர் வளையம் வைத்து நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் உணவு டப்பா போதும். ஐந்து லிட்டர் அளவு என்றால் 25 சிகாருக்கும் மேல் தாராளமாகக் கொள்ளும். வாங்கியதும் காலி டப்பாவை மூடி, ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் அந்த டப்பா ஊறுகாய்க்குத்தான். வீட்டு எவர்சில்வர் சம்படமும் முறுக்கு டின்னும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

புது பிளாஸ்டிக்கின் வாசனை போக வேண்டும். கழுவித் துடைத்து, ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா போட்டு உள்ளே வைத்து இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். பிறகு திறந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் மூக்குக்கு ஏதாவது தெரிந்தால் இன்னும் இரண்டு நாள்.

உள்ளே கொஞ்சம் மரம் இருந்தால் நல்லது. ஈரம் கூடும்போது வாங்கி வைத்து, குறையும்போது திருப்பிக் கொடுக்கும். சிகார் உலகில் இதற்குப் பயன்படுத்துவது ஸ்பானிஷ் சிடார். பெயர்தான் சிடார், உண்மையில் அது நம் வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மலைக்காடுகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய சொந்தம். சிகார் பெட்டிகளுக்குள் வரும் மெல்லிய மரத்தாள்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே போதும். தச்சரிடம் போய் தேவதாரு, சந்தனம், பைன் என்று கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அந்த மர எண்ணெய்களின் வாசனை சிகாரை முழுங்கிவிடும்.

நான்காவது வேலை: மீட்டரை நம்பாமல் சோதிப்பது

ஈரப்பதம் காட்டும் மீட்டருக்கு ஹைக்ரோமீட்டர் என்று பெயர். மரப்பெட்டிகளோடு வரும் முள் வைத்த வட்ட மீட்டர் பெரும்பாலும் அலங்காரம்தான். டிஜிட்டல் வாங்குங்கள், அதையும் சோதியுங்கள்.

ஒரு தண்ணீர்ப் பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போலக் குழையுங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. இந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் லாக் பைக்குள் காற்றோடு மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் விடுங்கள். ஈர உப்புக்கு மேலே இருக்கும் காற்று 75 சதவீத ஈரத்தில் நிலைத்து நிற்கும். மீட்டர் 71 காட்டினால் உங்கள் மீட்டர் எப்போதும் நாலு குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம். பின்புறம் பேனாவால் ‘+4’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் கலந்திருக்கும் வேறு உப்புகள் கணக்கை மாற்றும்.

ஐந்தாவது வேலை: ஈரம்

இப்போது ஈரத்துக்கு வருவோம். இருவழி ஈரப்பதப் பொட்டலங்கள் என்று கிடைக்கின்றன; போவேடா என்ற பெயரில் வருவது பரவலாகத் தெரிந்தது. உள்ளே கெட்டியான உப்புக் கரைசல். மேலே இருக்கும் உறை ஆவியை மட்டும் விடும், தண்ணீரை விடாது. டப்பாவில் ஈரம் குறைந்தால் வெளியே விடும், கூடினால் உறிஞ்சிக்கொள்ளும். மேலே சொன்ன உப்புச் சோதனையின் அதே தத்துவம்தான். 62, 65, 69, 72 சதவீதம் என்று வெவ்வேறு அளவில் கிடைக்கும்.

காற்றுப் புகாத டப்பாவுக்கு, நம் வெயிலுக்கு, 65 வாங்குங்கள். கோடையில் உங்கள் மூலை 28 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் 62 இன்னும் பாதுகாப்பு. 69, 72 எல்லாம் ஈரம் கசியும் மரப்பெட்டிக்காரர்களுக்கு. 60 கிராம் பொட்டலம் ஒன்று 25 சிகாருக்கு என்று கணக்கு. ஒரே டப்பாவில் 62ஐயும் 69ஐயும் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்று கொடுப்பதை இன்னொன்று வாங்கிக்கொண்டே இருந்து, இரண்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும். பொட்டலம் தொட்டால் கொழகொழவென்று இருக்கும்வரை உயிர் இருக்கிறது. முழுக்க இறுகி நொறுநொறுவென்று ஆனால் மாற்ற வேண்டும்.

ஸ்பாஞ்சில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய முறையும் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; ஈரத்தைக் கொடுக்கத் தெரியும், திரும்ப வாங்கத் தெரியாது. அதுதான் வேண்டும் என்பவர்கள் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த ஊர் இது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்புகள் ஸ்பாஞ்சின் துளைகளை அடைத்துவிடும். குழாய்த் தண்ணீரில் பூஞ்சையும் வரும்.

சிகார்களை அடுக்கும்போது டப்பாவை முழுசாக நிரப்பிவிடாமல், காற்று சுற்றுவதற்குக் கால்வாசி இடம் விடுங்கள். செலோபேன் உறையைக் கழற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அப்படியே இருக்கட்டும். அதன் வழியாக ஈரம் மெதுவாகப் போய்வரும், ஒரு சிகாரின் வாசனை இன்னொன்றில் ஒட்டாது, தப்பித்தவறி வண்டு வந்தாலும் பரவுவது தாமதமாகும். அலுமினியக் குழாயில் வருபவற்றின் மூடியை மட்டும் லேசாகத் தளர்த்துங்கள். வெனிலா, காபி, ரம் வாசனை போட்ட சிகார்களுக்குத் தனி டப்பா, விதிவிலக்கே கிடையாது.

மூடிய டப்பாவை முதல் இரண்டு வாரம் திறக்கவே வேண்டாம். பயணத்தில் அலைந்து வந்த சிகார் அடங்கி, உள்ளும் வெளியும் ஒரே ஈரத்துக்கு வர அவ்வளவு நாள் ஆகும். அதன் பிறகு மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் திறந்து மூடினால் உள்ளே காற்று மாறும். மேலே இருப்பவற்றைக் கீழே மாற்றி வைக்கவும் அதுவே சமயம்.

மரப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள் என்றால்

காய்ந்த மரம் சிகாரிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் முதலில் மரத்துக்கு ஊட்ட வேண்டும். 84 சதவீதப் பொட்டலத்தை உள்ளே வைத்து இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார்கள், அதைச் செய்தால் பலகை வளையும். பிறகு இருட்டறையில் டார்ச் லைட்டை உள்ளே எரியவிட்டு மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ஈரமும் கசியும். ரொம்பக் கசிந்தால் கூச்சப்படாமல் அதைப் பேனா, கைக்கடிகாரம் வைக்கப் பயன்படுத்துங்கள்.

கோடைக்கு என்ன செய்வது

மார்ச் வந்துவிட்டால் டப்பாவைத் தனியாக வைக்காமல், சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். கனமான தெர்மோகோல் மீன் பெட்டியும் சரிதான், புதியதாக இருந்தால். சுற்றிலும் இருக்கும் இடத்தில் சாதாரணத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்குங்கள். இவ்வளவு தண்ணீர் சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். பகல் சூடு சிகார் வரை வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உறைந்த பாட்டில் வைக்க ஆசை வரும், வேண்டாம். வைத்ததும் 15 டிகிரிக்கு இறங்கி, உருகியதும் 30க்கு ஏறும் ஊஞ்சலாட்டம்தான் மிஞ்சும்.

மண்பானையையும் பயன்படுத்தலாம். வாயகன்ற பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடைவெளியில் மணல், தினமும் காலையில் மணலுக்குத் தண்ணீர். உள் பானைக்குள் சிகார் டப்பா, மேலே ஈரச் சாக்கு. கோடை மதியத்தில் இங்கே காற்று வறண்டிருப்பதால் தண்ணீர் வேகமாக ஆவியாகி, உள்ளே வெளியைவிடப் பல டிகிரி குறையும். டப்பா உண்மையிலேயே காற்றுப் புகாததாக இருந்தால் மட்டும்தான் இது சரிப்படும். இல்லாவிட்டால் பானையின் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சை வந்துவிடும். ஜூனில் முதல் மழை விழுந்ததும் இந்த ஏற்பாட்டைப் பிரித்துவிடுங்கள்.

நூறு, இருநூறு சிகார் என்று போகிறவர்களுக்கு ஒயின் கூலர்தான் வழி. சந்தையில் இரண்டு ரகம் உண்டு. கம்ப்ரசர் இல்லாத ரகம் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் குறைக்க முடியும். தர்மபுரி மே மாதத்தில் திணறும். கம்ப்ரசர் ரகம் எந்த வெயிலையும் சமாளிக்கும், ஆனால் ஓடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்றை உலர்த்தும். அதனால் கம்ப்ரசர் ரகத்தை வாங்கி 18 டிகிரியில் வைத்து, சிகார்களை மேலே சொன்ன காற்றுப் புகாத டப்பாவோடு அதற்குள் வைப்பதுதான் நமக்குச் சரி. ஓசூர்க்காரர்களுக்கு இந்தச் செலவு தேவைப்படாது என்பதில் தர்மபுரிக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

நாள்பட வைப்பது

சுற்றி முடித்த புது சிகாரில் அமோனியா வாடை இருக்கும். இலை புளித்துப் பதமாகும்போது உண்டாகும் வாடை அது. சில மாதங்களில் அது வெளியேறும். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இலைகள் மெதுவாக இன்னும் பக்குவமாகும். காரமும் துவர்ப்பும் தணியும், உள்ளே இருக்கும் வெவ்வேறு இலைகளின் ருசி ஒன்றோடொன்று கலக்கும். அதே சமயம் சிகாரின் வேகமும் மணமும் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பிடிப்பதுதான் ஏஜிங்.

எல்லாச் சிகாரும் இதற்கு லாயக்கில்லை. புளியை வருஷம் கடந்து வைத்தால் கறுத்து ருசி ஏறும். ராகியை வருஷக்கணக்கில் வைத்தாலும் கெடாது, ருசியும் ஏறாது. கனெக்டிகட் என்ற ரக ராப்பர் இலை போட்ட வெளிர் நிற லேசான சிகார்கள் ராகி ஜாதி. வாங்கிய ஒரு வருஷத்துக்குள் புகைத்துவிடலாம். கியூபா சிகார்களும், நிகரகுவாவின் கனமான சிகார்களும் புளி ஜாதி. இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை பொறுத்திருப்பது வீண் போகாது. கெட்ட சிகார் எத்தனை வருஷம் வைத்தாலும் பழைய கெட்ட சிகார்தான்.

கியூபாப் பெட்டியின் அடியில் தொழிற்சாலைக் குறியும், அடைத்த மாதமும் வருஷமும் முத்திரையாக இருக்கும். மாதம் ஸ்பானிஷ் பெயரின் முதல் மூன்று எழுத்தில் இருக்கும். கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள். மற்றவற்றுக்கு வாங்கிய தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி செலோபேன் மேல் ஒட்டுங்கள், சிகார் மேல் வேண்டாம்.

ஏஜிங் செய்ய ஒரே சிகாரில் குறைந்தது ஐந்தாவது வேண்டும். ஒன்றை இப்போது புகைத்து, எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருஷத்துக்கு ஒன்று என்று எடுத்து, பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றும் கட்டத்தில் மீதியை முடித்துவிடுங்கள். இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று காத்திருப்பவர்கள் கடைசியில் வெறும் வைக்கோல் புகையைத்தான் புகைப்பார்கள். ஏஜிங் டப்பாவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். 62 பொட்டலம், முடிந்தவரை குறைந்த வெப்பம். ஒரு முழுப் பெட்டி கிடைத்தால் பிரிக்காமல் பெட்டியோடு பெரிய ஜிப் லாக் பைக்குள் பொட்டலத்துடன் வைப்பது இன்னும் நல்லது. தினமும் எடுக்கும் சிகாரும் நாள்பட வைக்கும் சிகாரும் ஒரே டப்பாவில் இருந்தால், நாள்பட வைத்தவை சீக்கிரமே காணாமல் போகும்.

வெள்ளையாக ஏதாவது தெரிந்தால்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கவனம் வேண்டும். சிகார் மேல் வெள்ளைப் பொடி கண்டால் ‘ப்ளூம்’, எண்ணெய் பூத்திருக்கிறது, நல்ல அறிகுறி என்று சொல்லுபவர்கள் உண்டு. அதைப் பூஞ்சை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுபோல, திட்டுத்திட்டாக, நீலமோ பச்சையோ கலந்து இருந்தால் சந்தேகமே இல்லை. மேல் இலையில் லேசாக மட்டும் இருந்தால் வெளியே எடுத்துப்போய் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, தனி டப்பாவில் 62 பொட்டலத்தோடு வையுங்கள். பற்றவைக்கும் நுனியில், உள் இலைகளுக்கு நடுவே தெரிந்தால் குப்பைக்குத்தான். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்துங்கள். உள்ளே இருந்த மரத்தாள்களைக் கழுவிப் பயனில்லை.

காய்ந்துபோன சிகாரைக் காப்பாற்றுவது

யாரோ மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்து, பீரோவில் கிடந்த பெட்டியை எடுத்து வந்து ‘இது தேறுமா?’ என்று கேட்பார்கள். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி எழுந்தால் பிரச்சினையே இல்லை. மொறுமொறுவென்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. அவசரப்பட்டு 72க்குள் போட்டால் மேல் இலை மட்டும் ஈரம் வாங்கி உப்பி, உள்ளே காய்ந்தே இருந்து, ராப்பர் நீளமாகக் கிழியும். முதலில் 58 பொட்டலத்தோடு இரண்டு மூன்று வாரம், அடுத்து 62இல் அதே அளவு, பிறகு 65. மொத்தம் இரண்டு மாதம் ஆகும். எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு ருசி திரும்பும்.

இதற்கு நேர் எதிர், அதிக ஈரம் வாங்கிய சிகார். அழுத்தினால் ஸ்பாஞ்சு போல இருக்கும், இழுத்தால் வராது, பற்றவைத்தாலும் அடிக்கடி அணையும், ஒரு பக்கம் மட்டும் எரிந்துகொண்டு போகும். அதற்கு மருந்து சுலபம். புகைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலமே டப்பாவிலிருந்து எடுத்து, அது வந்த மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ போட்டு மூடி வையுங்கள். மழைக்காலம் என்றால் ஒரு ராத்திரி போதாது, இரண்டு நாள். ஏப்ரல் என்றால் ராத்திரி முழுக்கத் தேவையில்லை, மதியம் எடுத்து வைத்தால் சாயங்காலத்துக்குத் தயாராகிவிடும்.